வழக்கில் இல்லாத கட்சிக்காரர்

தக்கலையில் கேபிள் தொழில் நடத்தியவனுக்கு, மதுரையிலோ சேலத்திலோ அதே தொழிலை நடத்தியவனுக்கு ஏற்படாத ஒரு விசேஷச் சிரமம் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி தமிழகத்தோடு இணையும் வரையில் மலையாள நாட்டு ராஜ்யத்தின் பகுதியாக இருந்த எங்கள் கல்குளம் தாலுகா, இணைந்த பிறகும், கொண்டான் கொடுத்தான் உறவுகளாலும், வைத்தியத்துக்கும் வியாபாரத்துக்கும் திருவனந்தபுரம் போய்வரும் பழக்கத்தாலும், இரண்டு பாஷைகளின் ருசியையும் கைவிடாமல் காத்து வந்திருக்கிறது. ஒரே கூடத்தில் பாட்டிக்கு மலையாளத் தொடரும், மருமகளுக்குத் தமிழ்த் தொடரும், பேரனுக்குக் கிரிக்கெட்டும் வேண்டியிருந்த வீடுகளுக்கு நான் சிக்னல் கொடுத்தேன். மற்ற ஊர்க் கேபிள்காரர் ஒரு மொழியின் கட்டண சானல்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கும்போது, எங்களுக்கு மட்டும் இரண்டு மொழிகளின் கம்பெனிகளோடும் ஒப்பந்தம் வேண்டியிருந்தது. ஒப்பந்தங்கள் இரட்டிப்பானபோது தகராறுகளும் இரட்டிப்பாயின. சானல் கம்பெனிகளுக்கும் அவற்றை வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பவர்களுக்கும் இடையே நிகழும் அந்தத் தகராறுகளை உள்ளிருந்து பார்த்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இத்தொழிலில் பிரவேசித்த காலத்தில் சண்டைக்கு முகாந்திரமே இல்லாதிருந்தது. அதற்கு முந்திய பத்தாண்டில் எங்கள் ஊர் ஓட்டுக்கூரைகளின் மேல் நின்ற ஆன்டெனாக்கள் அனைத்தும் திருவனந்தபுரத்துத் தூர்தர்ஷன் நிலையத்தை நோக்கித் திரும்பியிருந்தன. தமிழ் நிகழ்ச்சி என்பது வானிலை அனுகூலமாயிருக்கும் நாளில் எப்போதேனும் கிட்டும் பாக்கியமாகவே இருந்தது. 1993 ஏப்ரலில் சன் டி.வி.யும், அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ஏஷ்யாநெட்டும் தொடங்கியபோது, மொட்டைமாடியில் பன்னிரண்டடி டிஷ் ஒன்றை நிறுத்தி, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையைக் கன்ட்ரோல் ரூமாக்கி, தென்னையிலிருந்து தென்னைக்கும், ரப்பர்த் தோட்டத்து வேலிக் கற்களின் மேலாகவும் கறுப்பு வயரை இழுத்துச் சென்ற எங்களைப் போன்ற இளைஞர்களுக்கு, ஆகாயத்திலிருந்து வருவது எல்லோருக்கும் பொதுவானது என்ற எண்ணமே இயல்பாக இருந்தது. துலாமாதத்து இடி ஒன்று விழுந்தால் குமாரகோவில் பக்கத்து ஆம்ப்ளிஃபையர்கள் வரிசையாகக் கருகிப் போகும்; மறுநாள் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வருவோம். எங்கள் கஷ்டமெல்லாம் இடியோடும் அணிலோடும்தான் இருந்தது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தபோதுகூட, தலைமைத் தபால் நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிந்துகொள்வதற்கு மேல் அது எங்களிடம் அதிகமாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

பிறகு சானல்கள் பூட்டிக்கொள்ளத் தொடங்கின. முதலில் ஆங்கில விளையாட்டுச் சானலும் சினிமாச் சானலும், பின்னர் ஜனங்கள் தினமும் பார்க்கும் தமிழ், மலையாளச் சானல்களும் கட்டணச் சானல்களாயின. இதன் அமைப்பை, அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சானலின் சிக்னல் குலைக்கப்பட்ட நிலையில் விண்கோளிலிருந்து வரும். அதை நேராக்குவதற்குக் கம்பெனி ஒரு டிகோடர் பெட்டியும் அதற்குள் செருகும் ஒரு கார்டும் கொடுக்கும். அந்தக் கார்டின் எண் கம்பெனியின் கணிப்பொறியில் இருக்கும். சண்டை வந்தால் யாரும் தக்கலைக்கு வந்து வயரை வெட்ட வேண்டிய அவசியமில்லை. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால், விண்கோள் வழியே கட்டளை இறங்கி, என் மாடிப்படிக்குக் கீழிருக்கும் கார்டு செத்துவிடும்; அழகியமண்டபம் வரையிலுள்ள எல்லா வீடுகளிலும் அந்த எண்ணில் திரை கறுத்துவிடும். இந்தச் சௌகரியம்தான் பிற்காலத்துத் தகராறுகள் அனைத்துக்கும் பலத்தைக் கொடுத்தது. வெட்டுவது இவ்வளவு சுலபமாக இல்லாதிருந்தால் பேசித் தீர்ப்பதில் இன்னும் சிறிது பொறுமை இருந்திருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சண்டையின் விஷயம் ஆதியில் விலையன்று, எண்ணிக்கை. ஒரு சானலுக்கு வீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று விகிதம் இருந்தது. ஆனால் வீடுகள் எத்தனை என்பதை நிரூபிக்க ஒரு சாதனமும் இல்லை. ஒரே வயரில் எல்லாச் சானல்களும் ஓடிய அனலாக் காலத்தில், எந்த வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்பதை விட்டுவிடுங்கள், எத்தனை வீடுகளில் பாயிண்ட் இருக்கிறது என்பதையே கேபிள்காரரின் கலெக்‌ஷன் நோட்டைத் தவிர வேறொன்றும் சொல்லாது. ஆண்டுக்கொருமுறை சானல் கம்பெனியின் விநியோகப் பிரதிநிதி நாகர்கோவிலுக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்துத் தங்குவார். நாங்கள் ஒவ்வொருவராகப் போவோம். “அண்ணாச்சி, போன வருஷம் சொன்ன கணக்கையே இந்த வருஷமும் சொல்லாதீங்க, புதுசா காலனி வந்திருக்கே?” என்று தொடங்குவார். கேபிள்காரர் குறைத்தே சொல்வார் என்று நம்பிக் கம்பெனி கூட்டிக் கேட்கும். கம்பெனி கூட்டியே கேட்கும் என்று நம்பிக் கேபிள்காரர் குறைத்துச் சொல்வார். உண்மையான எண்ணைச் சொல்ல ஒருவர் விரும்பினாலும், அதை உண்மையென்று ஏற்பதற்கு எதிர்த்தரப்புக்கு ஒரு காரணமும் இல்லாதிருந்த அந்த ஏற்பாட்டில், பரஸ்பர நம்பிக்கை என்பது உற்பத்தியாகவே வழியில்லை. நேர்மையானவர்களையும் பேரக்காரர்களாக ஆக்கிவிட்ட ஓர் அமைப்பு என்றே அதை இன்று நினைக்கிறேன்.

2004 ஜனவரியில் ஒளிபரப்பும் கேபிளும் ட்ராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. வந்தவுடன் ஆணையம் செய்த முதற் காரியம், 2003 டிசம்பர் 26ஆம் தேதி எந்தக் கட்டணம் அமலில் இருந்ததோ அதுவே உச்சம் என்று நிறுத்திவைத்ததாகும். 2004 டிசம்பரில் வந்த விதிகள் மற்றொரு பெரிய கொள்கையை ஸ்தாபித்தன: எந்தச் சானல் கம்பெனியும், கேட்கும் விநியோகஸ்தருக்கு, பாரபட்சமின்றி, அறுபது நாட்களுக்குள் சிக்னல் கொடுத்தாக வேண்டும். தில்லியிலுள்ள டி.டி.சாட் தீர்ப்பாயம் வழக்குகளைக் கேட்கும். இணைப்பைத் துண்டிப்பதென்றால் முன்னறிவிப்புத் தரவேண்டும். பின்னாளில் அது மூன்று வாரம் என்று வழக்கமாயிற்று. எங்களைப் போன்ற சிறிய ஊர்க்காரர்களுக்கு இவை சாமானிய லாபமல்ல. அதற்கு முன் இரவோடிரவாகத் திரை கறுத்துப் போன அனுபவம் எங்களில் பலருக்கும் உண்டு. ஆயினும் விதி என்ன செய்தது என்றால், சண்டையை நிறுத்தாமல் அதற்கு ஒரு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தது.

அந்த முகூர்த்தங்கள் எப்போது வந்தன என்பதில்தான் விவகாரத்தின் உயிர்நிலை இருக்கிறது. ஒப்பந்தம் மார்ச்சிலேயே முடிந்திருக்கும். பேச்சு சாவகாசமாக நடக்கும். நோட்டீஸ் மட்டும் ஓணத்துக்கோ தீபாவளிக்கோ கிரிக்கெட் தொடருக்கோ மூன்று வாரம் முன்னதாக வந்து சேரும். ஜனங்கள் ஒரு சானலை எப்போது இழக்கச் சகிக்கமாட்டார்களோ அப்போது அதை நிறுத்துவதாகச் சொன்னால்தான் எதிர்த்தரப்பு இறங்கிவரும் என்பது இரு தரப்பும் அறிந்த ரகசியம். பெரிய கேபிள் நிறுவனங்களும் இதே வித்தையைத் தலைகீழாகச் செய்தன: அனலாக் வயரில் நல்ல படம் கொடுக்கும் இடங்கள் சொற்பமாகையால், அங்கே இடம் வேண்டுமென்றால் கேரியேஜ் பீஸ் கொடு என்று சானல்களிடம் கேட்டன, கொடுக்காத சானல் வாரக் கடைசியில் புள்ளிமழை பெய்யும் கடைசி எண்ணுக்குப் போய்விடும். ஆகவே ஒரு தரப்பை மட்டும் குற்றவாளியாக்க நான் தயாராக இல்லை.

ஓர் ஓணத்துக்கு முந்திய வாரம், ஒரு விநியோகக் கம்பெனியோடு விகிதம் படியாமல் எங்கள் பகுதியில் மலையாளச் சானல்கள் சில நின்றுபோயின. என் லைன்மேன் சந்தா வசூலுக்குப் போகக் கூசினான். ஆகவே நானே போனேன். பத்மநாபபுரம் கோட்டைக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டில், மகன்கள் வளைகுடாவில் இருக்க, தனியே வசித்த ஒரு மூதாட்டி, சந்தாப் பணத்தைத் தாம்பூலத் தட்டில் எண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தார். “நான் ஒரு மாசமும் பைசா பாக்கி வச்சதில்ல மக்களே. எனக்கும் அவனுக்கும் வழக்கில்ல, எனக்கும் ஒனக்கும் வழக்கில்ல. பின்ன எனக்க வீட்டுல மட்டும் எதுக்கு இருட்டு?” என்று கேட்டார். தில்லியில் மூத்த வக்கீல்கள் நாட்கணக்கில் வாதாடிய எத்தனையோ வழக்குகளைப் பின்னர் படித்திருக்கிறேன். அந்த அம்மாள் கேட்ட கேள்வியைவிட அடிப்படையான கேள்வி எதையும் அவற்றில் கண்டதில்லை. பணம் கொடுப்பவர் அவர்; அந்தப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் சண்டையிடுபவர்கள் நாங்கள்; சண்டையின் தண்டனை மட்டும் முழுமையாக அவருக்கு.

விண்கோளிலிருந்து நேரே வீட்டுக்குப் படம் தரும் டி.டி.எச். வந்தபோது இந்த நிலைமை மாறும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 2003 அக்டோபரில் டிஷ் டி.வி. தொடங்கியது; 2006இல் டாடா ஸ்கை வந்தது; 2008 வாக்கில் சன் டைரக்ட்டின் சிறு டிஷ்கள் எங்கள் ஊர்க் கூரைகளில் தோன்றின. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் என்றாகிவிட்டதால் எண்ணிக்கைச் சண்டைக்கு அங்கே வேலையில்லை. ஆனால் எண்ணிக்கை தீர்ந்த இடத்தில் விலை எழுந்தது. அதற்கும் அடியில், டி.டி.எச். கம்பெனியும் சானல் கம்பெனியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தால் போட்டியாளருக்கு ஏன் சானல் கொடுக்க வேண்டும் என்ற பிரச்சினையும் எழுந்தது. டிஷ் டி.வி. ஸ்டார் சானல்களைக் கேட்டு டி.டி.சாட்டுக்குப் போயிற்று; கேபிளுக்குரிய விகிதத்தில் பாதியைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று 2006 ஜூலையில் தீர்ப்பாயிற்று. ஜீ சானல்களைக் கேட்டு டாடா ஸ்கையும் அதே படியேறியது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் குறிப்பிட வேண்டும். 2010 ஜூலையில் இன்சாட் 4பி விண்கோளின் மின்சக்தியில் பழுது ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதி நின்றுபோனதும், சன் டைரக்ட் வீடுகளில் படம் அற்றுப்போய், மீசாட் 3 என்ற வேறொரு விண்கோளை நோக்கி டிஷ்களைத் திருப்பவேண்டி வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அண்டை வீட்டுக்காரர்கள் என்னையே கூப்பிட்டுத் திருப்பித் தரச் சொன்னார்கள். அந்த நாட்களில் யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை. எந்திரம் பழுதுபட்டது என்றால் ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். படம் மேலே நல்லபடி ஓடிக்கொண்டிருக்க, தம் வீட்டுக்கு மட்டும் ஒருவர் வேண்டுமென்று மறைத்துவைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அதை அவமரியாதையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

தமிழகத்தில் அரசாங்கமே இத்தொழிலில் இறங்கியதும் இந்தத் தகராறுகளின் ஓர் அத்தியாயம்தான். 2007 அக்டோபரில் அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் பதிவாயிற்று, 2008இல் ஒளிபரப்பைத் தொடங்கிச் சோர்ந்து கிடந்த அதை, 2011 செப்டம்பர் 2ஆம் தேதி, மாதம் எழுபது ரூபாய்க்குத் தொண்ணூறு சானல்கள் என்ற அறிவிப்போடு அன்றைய முதல்வர் ஜெயலலிதா புதுப்பித்தார். சென்னை நீங்கலாக எல்லா ஜில்லாக்களுக்கும் அது வந்தது. நானும் சேர்ந்தேன். எழுபது ரூபாய் என்பது ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளியின் வீட்டுக்கு உண்மையான ஒத்தாசை; அதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். ஆனால் தொடக்கத்தில் சன் குழுமத்தின் கட்டணச் சானல்கள் அந்தத் தொண்ணூறில் இல்லை. குறைந்த விலைக்கு மகிழ்ந்த அதே வீடு, இரவு தொடருக்காக டி.டி.எச். டிஷ்ஷும் வாங்கி மாட்டிக்கொண்டு இரண்டு சந்தா கட்டியதை நான் கண்ணால் கண்டேன். பின்னர் அந்தச் சானல்களும் வந்தன. அரசாங்கம் ஒரு கட்சிக்காரராக நிற்கும்போதும் பார்ப்பவரின் ஸ்திதி மாறிவிடுவதில்லை என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

பிறநாட்டு விஷயங்களைப் படிக்கும்போது இது நம் நாட்டுக்கே உரிய வியாதியன்று என்பது புலப்படும். 2018 அக்டோபரின் தொடக்கத்தில் டாடா ஸ்கை விலைத் தகராறில் சோனி சானல்களைத் தன் மேடையிலிருந்து எடுத்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் முதல் தேதி, அமெரிக்காவில் டிஷ் நெட்வொர்க் வீடுகளில் எச்.பி.ஓ. நின்றுபோயிற்று. 1972இல் தொடங்கி, மாதச் சந்தா கொடுத்துப் பார்க்கும் உயர்தரச் சானல் என்ற கருத்துக்கே முன்னோடியாக இருந்த எச்.பி.ஓ., தன் சரித்திரத்தில் அதுவரை இவ்வாறு ஒரு விநியோகஸ்தரிடமிருந்து மறைந்ததில்லையாம். அதைத் திரும்பப் பெற அவ்வீட்டார்கள் 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சோனி சானல்களோ இங்கே அதைவிட வெகு விரைவில் திரும்பிவிட்டன. கொடுத்தாக வேண்டும் என்று நம் விதி சொல்வதும், போய் நிற்பதற்கு ஒரு தீர்ப்பாயம் இருப்பதும் நமக்குள்ள அனுகூலம்; அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

2017 மார்ச்சில் ட்ராய் வெளியிட்ட புதிய கட்டண முறை, சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டு, மூன்றாம் நீதிபதியின் தீர்ப்பால் நிலைபெற்று, 2018 அக்டோபர் 30இல் உச்ச நீதிமன்றத்தாலும் உறுதி செய்யப்பட்டு, 2019இல் எங்கள் வீடுகளுக்கு வந்தது. நூறு சானல்களுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் ஒவ்வொரு கட்டணச் சானலுக்கும் திரையிலேயே விலை. சன் டி.வி. 19, ஏஷ்யாநெட் 19, ஸ்டார் விஜய் 17 என்று எழுதிய தாள்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். எங்கள் தாலுகாவின் இரு பாஷைக்கார வீட்டுக்கு மற்றவர்களைவிட அதிகமான செலவு விழுந்தது. அதை எந்த ஆணையமும் கணக்கிலெடுக்கவில்லை. எனினும் எண்ணிக்கைச் சண்டை அத்தோடு மாண்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேபிள் வீடுகளுக்கும் பெட்டி வந்துவிட்டபின் அதன் எண்ணை யாரும் மறைக்க முடியாது.

விலைச் சண்டை மாளவில்லை. 2022 நவம்பரில் விதிகள் திருத்தப்பட்டு, பல சானல்களைச் சேர்த்து விற்கும் கட்டுகளில் இடம்பெறும் சானலின் விலை வரம்பு மறுபடி 19 ரூபாய் என்றான பிறகு, புது விலைப்படி கையெழுத்திட மறுத்த பெரிய கேபிள் நிறுவனங்களுக்கு, 2023 பிப்ரவரி மத்தியில் டிஸ்னி ஸ்டார், ஜீ, சோனி ஆகிய மூன்று குழுமங்களும் ஒரே சமயத்தில் சிக்னலை நிறுத்தின. நாலரைக் கோடி வீடுகள் பாதிக்கப்பட்டன என்று கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்புச் சொன்னது. எல்லைக்கு அப்பால் கேரள உயர் நீதிமன்றத்தில் அந்தக் கூட்டமைப்பின் மனு நிலுவையில் இருந்தது, தடையுத்தரவு கிடைக்கவில்லை. ஒரு வாரம் போல இருட்டில் இருந்துவிட்டு நிறுவனங்கள் கையெழுத்திட்டன.

என் கருத்தை இப்போது சொல்லிவிடலாம். 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007இல் பாராளுமன்றம், தேசிய முக்கியத்துவமுள்ள விளையாட்டுக்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று சட்டமியற்றியது. பத்தாண்டு கழித்து, அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டி.டி.எச்சுக்கும் மட்டுமே, தனியார் கேபிளுக்கு அன்று என்று உச்ச நீதிமன்றம் விளக்கியபோது எங்கள் சந்தாதாரர்கள் அந்த வழியையும் இழந்தார்கள். ஆனால் இவ்வளவிலிருந்தும் ஒன்று தெளிவு: பார்ப்பவருக்கு ஓர் உரிமை உண்டு என்பதை இந்த நாட்டின் சட்டம் ஏற்கெனவே அங்கீகரித்திருக்கிறது. பயிர் நிற்கும்போது மடையை அடைத்துவிட்டு வாய்க்கால் தீர்வைக்கு வழக்குப் பேசுவதை எங்கள் நாஞ்சில் நாட்டு விவசாயி எவரும் நியாயமென்று ஏற்கமாட்டார். சிக்னலுக்கும் அதே தர்மம் பொருந்தும்.

ஆகவே, விகிதத்தைப் பற்றிய தகராறு தீர்ப்பாயத்தின் முன் இருக்கும் காலம் முழுவதும் சிக்னல் ஓடட்டும். பழைய ஒப்பந்த விகிதத்தை விநியோகஸ்தர் கம்பெனிக்கே செலுத்தட்டும். கேட்கும் புது விகிதத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டிவைக்கட்டும். தீர்ப்பு யார் பக்கமோ அந்தப் பணம் அவருக்குப் போகட்டும். பாக்கி வைத்து ஏமாற்றும் கேபிள்காரருக்கு இது கவசமாகிவிடும் என்று கம்பெனிகள் சொல்லும்; அது நியாயமான பயம்தான், ஆகவே பாக்கிக்காரரை வெட்டும் உரிமையை அவர்களிடமிருந்து பறிக்கச் சொல்லவில்லை. ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுக்காதவர் வேறு, ஒப்புக்கொள்ளாத தொகையை எதிர்ப்பவர் வேறு. இவ்விருவரையும் ஒரே பொத்தானால் தண்டிப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன். கட்டிவைக்க வேண்டும் என்று தெரிந்தால் கேபிள் நிறுவனமும் வீணாக வழக்கை இழுக்காது. வெட்ட முடியாது என்று தெரிந்தால் சானல் கம்பெனியும் ஓணத்துக்காகக் காத்திருக்காது.

ட்ராய் ஒவ்வொரு புது விதிக்கும் முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அழைக்கிறது. பெரிய கம்பெனிகளின் கடிதங்களுக்கிடையே தக்கலையிலிருந்து ஒரு கடிதமும் போயிருக்கிறது. தொழிலை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவரிடம் வயரெல்லாம் பைபராகிவிட்டது, பாதி வீடுகள் கைபேசியிலேயே தொடரைப் பார்க்கின்றன, சானல் கம்பெனிகளும் ஒன்றோடொன்று இணைந்து இன்னும் பெரிதாகி நிற்கின்றன. அடுத்த கலந்தாய்வு வரும்போது இந்த ஏற்பாட்டையே மறுபடியும், இன்னும் விவரமாக, அவருடைய கையெழுத்தையும் சேர்த்து அனுப்புவதாக உத்தேசம்.